தூங்குமூஞ்சி வளைவு

தன் கையால் தைத்த உறைக்குள் தன் அப்பாவின் மானத்தைத்தான் மூடிவைக்கப் போகிறார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால், தார்ப்பாய்க்காரி அந்த வேலையைத் தொட்டே இருக்கமாட்டாள்.

வேலை என்னவோ சின்னதுதான். மலைப்பாதை இறங்கி முடிகிற கடைசி வளைவில் புதிதாக ஒரு பலகை நடுகிறார்கள். திறப்பு விழா வரைக்கும் அதை மூடிவைக்க ஓர் உறை வேண்டும். பாதையை அழகுபடுத்துகிறோம் என்று ஊரில் ஒரு குழு முளைத்திருந்தது. அதன் செயலாளர் கடைக்கே வந்து அளவைச் சொல்லிவிட்டு, "நல்ல நீலத்துல தைச்சுக் குடும்மா. போட்டோவுல எடுப்பா தெரியணும்," என்றார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. லாரிக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டா தார்ப்பாய் தைக்கிறார்கள்?

லாரி நிற்கிற திடலுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான அறைதான் அவள் கடை. முன்பாதியில் தையல், பின்பாதியில் குடும்பம். நடுவில் தொங்குவதும் ஒரு பழைய தார்ப்பாய்தான். எந்நேரமும் மெழுகு வாடையும் கித்தான் வாடையும் அடிக்கும். சாப்பாட்டில்கூட அந்த வாடை ஏறிவிட்டது என்று அவள் புருஷன் குறை சொல்வான்; சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடுவான். அவனுக்கு வேலை, தைத்து முடித்த ஓரங்களில் ஓட்டை போட்டுப் பித்தளை வளையம் அடிப்பது. அவள் உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு, விரல் நீள ஊசியைத் தள்ளித் தள்ளித் தைப்பாள். மூலையில் முக்காலி போட்டு அவள் அப்பா உட்கார்ந்திருப்பார். துணி நகரும்போது கனமான முனையை வலது கையால் தூக்கிக் கொடுப்பார். இடது கை முழங்கையில் மடங்கியபடியே நின்றுபோய்ப் பல வருஷமாகிறது. அதை அவர் மடியில் போட்டுக்கொண்டிருப்பார்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், தூறல் விழுந்துகொண்டிருக்கும்போது, உறையை மாட்டிப் பார்க்க அவள் தனியாகப் போனாள். பலகை ஆளுயரத்துக்கு நின்றது. மேலே ஒரு கேலிச்சித்திரம்: லாரி ஒன்று பாறையில் இடித்து நிற்கிறது, ஸ்டியரிங்கில் தலை வைத்து ஒரு குண்டு மனிதன் வாய் பிளந்து தூங்குகிறான், சரக்கின்மேல் ஒரு பையன் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்துகிறான். அதற்குக் கீழே எழுத்து:

'தூங்குமூஞ்சி வளைவு. பயணியே, சற்று நில்! முன்னொரு காலத்தில் சோப்புப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று, ஓட்டுநர் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, மலை உச்சியிலிருந்து எல்லா வளைவுகளையும் தானே திரும்பி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. இடப்பக்கம் பாறையில் மோதித் தகடாய் நசுங்கியும், ஓட்டுநர் பக்கம் ஒரு கீறல்கூட விழாததால் அவருடைய தூக்கம் கலையவில்லை. ஊரார் வந்து உலுக்கியபோது அவர் கேட்டது: "ஊர் வந்துடுச்சா?" உங்கள் வண்டிக்கு அவ்வளவு புத்தி இருக்காது. விழித்திருந்து ஓட்டுங்கள்!'

அடியில் உபயம் என்று, ஊரே முதலாளி என்று கூப்பிடுகிறவரின் லாரி கம்பெனிப் பெயர். அந்தக் கம்பெனி வண்டிகளுக்குத் தார்ப்பாய் தைத்துத்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

முதலில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நடுத்தெருவில் யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தது மாதிரி உடம்பு கூசியது. பிறகு வந்தது பாருங்கள் கோபம்! இது அவள் கேட்டுப் புளித்த கதை. பள்ளிக்கூடத்தில் அவளைக் கண்டதும் பிள்ளைகள் குறட்டை விட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு தூக்கத்துக்காக அப்பாவின் வண்டி வேலை போனது. அதன்பின் ஒருவரும் அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. காவல்காரன் வேலை கேட்டுப் போனபோது, "தூங்குமூஞ்சிக்கா?" என்று கேட்டுச் சிரித்து அனுப்பினார்கள். அம்மா கித்தான் ஊசியைக் கையில் எடுத்ததும், இவள் பள்ளிக்கூடப் பையைக் கீழே வைத்ததும் அந்த வருஷம்தான். தூங்கினது தூங்கினதுதான், அதற்காக அவளே அப்பாவை எத்தனையோ தடவை உள்ளுக்குள் சபித்திருக்கிறாள். ஆனால் அது அவள் வீட்டு விவகாரம். அதைப் பெயின்ட் அடித்து ரோட்டோரம் நட்டுவைத்து, போகிறவன் வருகிறவனெல்லாம் பல்லைக் காட்ட இவர்கள் யார்?

யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று உறையை இழுத்து மாட்டினாள். கயிற்றை வளையத்துக்கு வளையம் கோத்து, லாரிச் சரக்குக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டாள். அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சு அது. தெரியாதவன் இழுத்தால் இன்னும் இறுகும்.

கடைக்குத் திரும்பியபோது அப்பாவின் மடியில் ஒரு புதுச் சட்டை இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"முதலாளி அனுப்பியிருக்காரும்மா. நாளைக்கு விழாவுக்கு என்னை வரச் சொல்லியிருக்காரு. பலகைக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வைப்பாங்களாம்."

"எதுக்கு?"

புருஷன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "மாமா நாற்காலியில உக்காந்து தூங்குற மாதிரி ஒரு போட்டோ எடுக்கணுமாம். செயலாளர் சொல்லிட்டுப் போனாரு."

"தூங்குற மாதிரியா? வாங்க, குட்டிக்கரணம் போடுங்கன்னு கூப்பிடலையா? அதையும் போட்டுடுவாரே!"

"ஏய், கத்தாதே. சிரிச்சுட்டுப் போகட்டும் விடு. சிரிச்சா நமக்கென்ன தேய்ஞ்சா போகுது? நாளைக்கே நாலு பேர் வண்டியை நிறுத்திப் பலகையைப் பார்ப்பான். ஒருத்தனாவது நம்ம கடைக்கு வருவான்."

"வருவான். வந்து, 'தூங்குமூஞ்சி வீடு இதுதானா'ன்னு கேப்பான். அப்ப நீங்களே வளையம் அடிச்சுக் கொடுங்க. நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

அப்பா சட்டையைத் தடவிக்கொண்டே, "பழைய கதைம்மா. ஊரே சொல்றதுதானே?" என்றார்.

"ஊர் வாயால சொல்லிச்சு. வாயை ஒரு நாள் மூடித்தானே ஆகணும். இது இரும்புப் பலகை. நீங்க போன பின்னாலயும் வாயைத் திறந்துக்கிட்டே நிக்கும்."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மற்றவர்களுக்குத் தட்டை வைத்த வேகத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

காலையில் தூறல் விட்டிருந்தது. கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா குளித்து முடித்துப் புதுச் சட்டையோடு அவள் முன்னால் வந்து நின்றார். அவருக்குத் தினமும் சட்டை மாட்டிவிடுவது அவள்தான். முதலில் இடது கை. முழங்கை நீளாது, அதனால் சட்டைக் கையைச் சுருட்டி, வளையல் மாட்டுவதுபோல ஏற்ற வேண்டும். அம்மா உயிரோடு இருந்தவரை அம்மா செய்தாள். திட்டிக்கொண்டே செய்வாள்.

அவள் சட்டைக் கையைச் சுருட்டினாள். இடது கையைப் பிடித்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

பலகையில் எழுதியிருந்தது அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. இடப்பக்கம் தகடாய் நசுங்கியது. ஓட்டுநர் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிற லாரிகள் எல்லாவற்றிலும் ஸ்டியரிங் வலது பக்கம்தான்.

"அப்பா, இந்தக் கை எப்படி ஒடிஞ்சது?"

"அதான் வண்டி இடிச்சதுல."

"வண்டி எந்தப் பக்கம் இடிச்சது?"

"என்னம்மா இப்போ? நேரமாச்சு."

"இடது பக்கம் இடிச்சிருக்கு. ஓட்டுறவன் பக்கம் கீறல்கூட விழலைன்னு பலகையில எழுதியிருக்கு. அப்ப உங்க கை எப்படிப்பா நசுங்கும்? நீங்க எந்த சீட்டுல இருந்தீங்க?"

கிழவர் சட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டால் தப்பிக்கலாம் என்பதுபோலப் பார்த்தார். சட்டை அவள் கையில் இருந்தது.

"அதைப் போயி எழுதி வச்சிருக்கானா?" என்றார் கடைசியில். "மடப்பய. எந்தப் பக்கம் இடிச்சதுன்னு எழுதினா, ஓட்டினது யாருன்னு தெரிஞ்சுபோகுமே."

புருஷன் சுத்தியலோடு வந்து நின்றான். அவள் அப்பாவை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க," என்றாள். அது கெஞ்சல் இல்லை.

"குருவிதான் ஓட்டினான்."

குருவி என்பது முதலாளியின் பழைய பெயர். அப்பாவின் வண்டியில் கிளீனராக ஓடிக்கொண்டிருந்தபோது, சரக்கு மேலே தாவித் தாவி ஏறுவதைப் பார்த்து அப்பாவே வைத்த பெயர். இப்போது ஊரில் அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

"லைசென்ஸ் கிடையாது அவனுக்கு. 'அண்ணே, அண்ணே, இறக்கத்துல ஒரு தடவை'ன்னு நச்சரிச்சான். கொடுத்தேன். கொடுத்தது என் தப்பு. ரெண்டு வளைவு நல்லாத்தான் இறக்கினான். பய, கியரைக் குறைக்காம பிரேக்குலயே காலை வச்சுக்கிட்டு வந்திருக்கான். புதுசா ஓட்டுறவன் எல்லாம் பண்றதுதான். சூடேறிப் புகை வாடை வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது. மிதிச்சா ஒண்ணுமில்ல. சரக்கோட வண்டி இறங்குது."

"மாத்தி உக்கார்ந்திருக்கலாமே மாமா?" என்றான் புருஷன்.

"எங்கப்பா மாத்துறது? ஸ்டியரிங்கை விட்டா பள்ளம். அவன் ஓன்னு அழறான். 'அழுதுக்கிட்டே ஓட்டுடா, ஆனா ஓட்டு'ன்னேன். 'இப்ப ஸ்டியரிங்கை ஒடி. இப்ப நேர் பண்ணு. கியரைக் குறை'ன்னு ஒவ்வொரு வளைவா சொல்லிச் சொல்லி இறக்கினேன். கடைசி வளைவுல இனிமே முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. எதுலயாவது சாய்ச்சுத்தான் நிறுத்தணும். 'எந்தப் பக்கம் சாய்க்கட்டும்ணே'ன்னு கேட்டான். அவன் பக்கம் பள்ளம். என் பக்கம் பாறை." கிழவர் இடது கையை வலது கையால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "என் பக்கம் சாய்ன்னேன்."

புருஷன் சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வண்டி நின்னதும் அவனை இறக்கிப் பின்னாடி போய் நிக்கச் சொன்னேன். நான் நகர்ந்து அந்த சீட்டுக்கு வந்து ஸ்டியரிங்குல தலையை வச்சுக்கிட்டேன். மயக்கம் வந்துடுச்சு. ஆளுங்க வந்து எழுப்பினப்ப, பையனுக்கு ஒண்ணுமில்லையேன்னுதான் கேட்டேன். ஊர் வந்துடுச்சான்னு கேட்டதா எவன் கதை கட்டினானோ!"

"பிரேக் பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாமே. எதுக்குத் தூங்கிட்டேன்னு சொன்னீங்க?"

"பிரேக்குன்னு சொன்னா கழட்டிப் பார்ப்பாங்க. கருகிக் கிடக்கும். 'உன்னை மாதிரி ஆள் ஓட்டினா எப்படிக் கருகும், யாரு ஓட்டினது'ன்னு அடுத்த கேள்வி வரும். தூங்கிட்டேன்னு சொன்னா கேள்வியே கிடையாது. திட்டு மட்டும்தான். லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட கொடுத்ததுக்கும் என் வேலை போயிருக்கும், தூங்கினதுக்கும் போயிருக்கும். எப்படியும் போறது போகப்போகுது. அவனையும் ஏன் இழுக்கணும்? அப்பன் இல்லாத பய."

"எனக்கு அப்பா இருந்தாரு," என்றாள் அவள். "இருந்து என்ன பிரயோஜனம்? அவன் படிக்கட்டுப் படிக்கட்டா ஏறி முதலாளியானான். நான் படிப்பை விட்டுட்டு ஊசியைப் பிடிச்சேன். அம்மா சாகிற வரைக்கும் உங்களைத் தூங்குமூஞ்சின்னு திட்டிக்கிட்டே செத்தா. அவகிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா அன்னைக்கே ஊரைக் கூட்டியிருப்பா."

"கூட்டட்டுமே! கூட்டத்தானே வேணும்! எங்க எல்லாரையும் விட அவன் பெரிசாப் போயிட்டான் உங்களுக்கு!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முதல்ல ரொம்ப வந்துக்கிட்டிருந்தான்மா. கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவான். அப்புறம் நான் பின்னாடி நின்னேன், மேல நின்னேன்னு ஊருக்குச் சொல்ல ஆரம்பிச்சான். சொல்லிச் சொல்லி அவனே நம்பிட்டான்னு நினைக்கிறேன். இப்ப போய் நீ எதையும் கிளறக் கூடாது. அது அவனுக்கு நான் கொடுத்த வாக்கு."

அவள் எழுந்து, சுருட்டிய சட்டைக் கையை அவருடைய இடது கையில் ஏற்றினாள். எப்போதும்போல வலிக்காமல்தான் ஏற்றினாள். பொத்தானைப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனா ஒண்ணு. அந்த நாற்காலியில உக்காந்து நீங்க கண்ணை மூடினீங்கன்னா, நாளையிலிருந்து சட்டையை நீங்களே மாட்டிக்குங்க."

வளைவில் நல்ல கூட்டம். டீ ஒரு பக்கம், ரொட்டி ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி வெள்ளைச் சட்டையில், இரண்டு கையாலும் கும்பிட்டபடி வந்தார். "வாங்க பெரியவரே, வாங்க," என்று அப்பாவின் தோளைத் தொட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். கெட்ட மனிதர் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தால் தார்ப்பாய்க்காரிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிந்தது.

செயலாளர் உறையை இழுத்தார். வரவில்லை. இன்னும் இருவர் சேர்ந்து இழுத்தார்கள். முடிச்சு இறுகியது. "யாரும்மா கட்டினது? கத்தி கொண்டாங்கப்பா," என்று செயலாளர் வியர்த்துப்போனார்.

"கத்தியெல்லாம் வேண்டாம்," என்று முதலாளி சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். "இது நம்ம முடிச்சுய்யா! நான் கிளீனரா இருந்தவன்." விரலை உள்ளே விட்டு, வாலை ஒரு சுண்டு சுண்டினார். கயிறு மொத்தமும் கழன்று காலடியில் விழுந்தது. கூட்டம் கை தட்டியது.

செயலாளர் பலகையை உரக்கப் படித்தார். குறட்டைக்குச் சிரித்தார்கள். தூக்கம் கலையவில்லை என்கிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நான் மேல நின்னு தொண்டை கிழியக் கத்துறேன், இவரு அசையணுமே!" என்றார். தார்ப்பாய்க்காரி பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். புருஷன் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனித்துக்கொண்டாள்.

"ஐயா, இப்ப போட்டோ," என்று செயலாளர் போனைத் தூக்கிப் பிடித்தார். "தலையை இப்படிச் சாய்ச்சு, வாயைக் கொஞ்சம் திறந்து, கண்ணை மூடுங்க."

கிழவர் தலையைச் சாய்த்தார். அவர் கண் கூட்டத்தில் அவளைத் தேடியது, கண்டுபிடித்தது. பிறகு அந்தக் கண் மூடவே இல்லை.

"ஐயா, கண்ணை மூடுங்க."

"தூக்கம் வரலை தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். "அட, சும்மாவாவது மூடுங்க பெரியவரே," என்றார் முதலாளி.

"வரலை," என்றார் அப்பா. "அன்னைக்கும் வரலை."

முன்வரிசையில் இருந்தவர்கள் இதற்கும் சிரித்தார்கள். பின்னால் யாரோ "என்ன சொன்னாரு?" என்று கேட்டார்கள். முதலாளியின் சிரிப்பு மட்டும் வாயிலேயே இருந்தது, கண்ணிலிருந்து போய்விட்டது.

"குருவி," என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. "இந்த வளைவுலதான், எந்தப் பக்கம் சாய்க்கட்டும்னு கேட்டே. நான் என்ன சொன்னேன்?"

முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மடியில் மடங்கிக் கிடந்த அந்தக் கையைப் பார்த்தார். அவர் வாங்கி அனுப்பிய சட்டையின் கை அது. எத்தனையோ வருஷம் எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்த மனிதர், இப்போது அதையே பார்த்துக்கொண்டு நின்றார். செயலாளர் போனைத் தாழ்த்திவிட்டார்.

"உங்க பக்கம்ணே," என்றார் முதலாளி. "உங்க பக்கம் சாய்க்கச் சொன்னீங்க."

"அப்படின்னா வண்டியை ஓட்டினது…" என்று செயலாளர் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். முதலாளி குனிந்து, தரையில் கிடந்த நீல உறையை எடுத்தார். யாரும் உதவிக்குப் போகவில்லை. பலகைமேல் அதைப் போட்டு, கயிற்றை வளையத்துக்கு வளையம் கோத்தார்.

"இடது ஓரம் தளர்ந்திருக்கு," என்றார் அப்பா நாற்காலியிலிருந்து. "இழு."

"சரிண்ணே."

இழுத்து, அதே முடிச்சைப் போட்டார். பிறகு திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தார்ப்பாய்க்காரியிடம் வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க ஈரமும் புழுதியுமாக இருந்தது. "வேற பலகை எழுதச் சொல்றேம்மா. எல்லாத்தையும் எழுதச் சொல்றேன். என்னை மன்னிச்சுக்கம்மா," என்றார்.

அழுகிறார் என்று தெரிந்தது. தெரிந்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள். "எங்கம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க."

அவள் அப்பாவின் நாற்காலிக்குப் போய், இடது கையைப் பிடித்து அவரை எழுப்பி, கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தாள்.